மொட்டை மாடியில் நடந்த ஆமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முழுப்பரீட்சை முடிந்த வாரம் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் திணித்தார்.

"சனிக்கிழமை வாரேன் டீச்சர். நான் கேக்குற உருவத்தை எல்லாம் இதுல போட்டுக் காட்டணும். முடியலைன்னா ஜூன்ல உங்க இடத்துக்குக் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளையைப் போட்டுக்கிடுதேன்."

என் வகுப்பை இன்னொருத்தி கையில் கொடுப்பதா? அன்றைக்கே அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

திரையின் நடுவில் குட்டியாக ஒரு கூர்முனை இருந்தது. புத்தகம் அதை ஆமை என்றது. எஃப்.டி. 50 என்று அடித்தால் ஆமை ஐம்பது எட்டு வைத்து முன்னால் போகும். போன வழியெல்லாம் கோடு விழும். ஆர்.டி. 90 என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பும். இரண்டையும் நான்கு தடவை அடித்தேன். சதுரம்! அடேயப்பா, யாருமில்லாத அறையில் நானே கைதட்டிக்கொண்டேன்.

முக்கோணத்தில்தான் வம்பு வந்தது. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்துக்கு மூலைக்கு அறுபது பாகை. ஆறாம் வகுப்புப் பாடம். அறுபது என்று அடித்தால் கோடுகள் ஒன்றுசேராமல், படுக்கப்போட்ட கிண்ணம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவ்வாயும் அதே கிண்ணம், புதனும் அதே கிண்ணம். மெஷினே கோளாறு என்று முடிவு கட்டினேன்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்றும் மெஷினில் வேலை. இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருவோம். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. நீ அதைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே விட்டுட்டியே ஏட்டி" என்றார்.

"ஆமா, கேலிக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"சரி, கோவப்படாதே. நான் ஆமையா நடக்கேன். நீ சொல்லு."

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு பேண்டேஜ் ரோலின் நுனியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்து, ரோலை உருட்டிப் பிரித்துக்கொண்டே பத்து எட்டு நடந்தார். தரையில் வெள்ளைக் கோடு விழுந்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த மரப் பாகைமானியால் அறுபது அளந்து திருப்பிவிட்டேன். இன்னும் பத்து எட்டு.

"ஏட்டி, இப்படியே போனா பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியிலதான் விழுவேன். இன்னும் நல்லாத் திரும்பணும்."

"அறுபதுன்னா அறுபதுதான். எட்டாப்பு படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது!"

சொல்லி வாய் மூடவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பேண்டேஜைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்த பிறகுதான் வாய் திறந்தார். எங்கள் ஊர் ஆடித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களில் அவரும் ஒருத்தர்.

"தேரு நிலையில இருந்து கெளம்புது. நாலு முக்குலயும் திரும்புது. பொறவு நிலைக்கு வந்து, கெளம்பையில எந்தப் பக்கம் பாத்துச்சோ அதே பக்கம் பாத்து நிக்குது. மொத்தம் எம்புட்டு திரும்பியிருக்கு?"

"ஒரு முழுச் சுத்து. முந்நூத்தி அறுபது."

"மூணே தெருதான் இருந்தா, முக்குக்கு எம்புட்டு?"

நூற்றிருபது! அறுபது என்பது மூலைக்கு உள்ளே இருக்கிற கோணம். நடந்து போகிற ஆமை திரும்ப வேண்டியது அதுவல்ல. மறுபடி நடந்தார். மூன்றாவது கோடு நேராகச் செங்கல்லுக்கே வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கீழே போய்க் காபி போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை தாளாளர் வந்தார். சதுரம் போட்டேன். முக்கோணம் போட்டேன். தலையாட்டிவிட்டு, "வட்டம்?" என்றார்.

வட்டத்துக்கு ஏது மூலை? கண்ணை மூடி என் வீட்டுக்காரரை மாடியில் நடக்கவிட்டுப் பார்த்தேன். தெரு ரொம்பக் குட்டி, ஓர் எட்டுத்தான். அடுத்த அடியிலேயே முக்கு. அப்படி முந்நூற்று அறுபது தெரு, முக்குக்கு ஒரு பாகை. 'ரிப்பீட்' என்று போட்டு அதையே அடித்தேன். ஆமை மெல்ல வளைந்து வளைந்து போய், கிளம்பிய புள்ளியிலேயே வந்து நின்றது.

"பிரமாதம் டீச்சர்! எந்தப் புஸ்தகத்துல இருக்கு இது?"

இந்தப் புத்தகத்தில்தான் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் சாப்பாட்டுப் பையோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார், அன்று அவருக்கு அரை நாள் வேலை.

"புஸ்தகத்துல இல்ல சார். இவியதான் சொல்லிக் குடுத்தாவ, என் வீட்டுக்காரவிய. தேருக்குக் கட்டை போடுறவிய. படிச்சது எட்டாப்பு."

தாளாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உள்ள வாங்க, செத்த நேரம் உக்காருங்க" என்று அவரைக் கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப ஜூன்ல நீங்களே எடுங்க டீச்சர்."

திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஊர் நெருங்கியதும் மெதுவாக, "தாளாளர் முன்னாலயே எட்டாப்புன்னு சொல்லிட்டியே" என்றார்.

"தப்பா நினைச்சுட்டீங்களா?"

"அதில்லை. எட்டாப்பு நான் முழுசாப் படிக்கலைட்டி. கால் பரீட்சையோட நின்னுட்டேன். பொண்ணு பாக்க வந்தப்ப பொய் சொல்லிட்டோம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்: "ஏட்டி, நட்சத்திரத்துக்கு எம்புட்டு திரும்பணும்?"

"தெரியலையே."

"சரி, வீட்ல பேண்டேஜ் இருக்குல்ல?"