தெருமுனையில் நின்ற குரல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தெருமுனையில் இந்த மார்கழிக்குக் கம்பம் நட்டு, உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். விடியும் முன்னே இசைத்தட்டு பாடுகிறது. கம்பம் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே நின்றவன் நான்.

அப்போது மம்சாபுரத்தில் கமலை ஓட்டினேன். மாடு சரிவில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். மாட்டுக்காகப் பாடுவேன். மாடு குறை சொன்னதில்லை. பஜனைப் பாட்டெல்லாம் தூரத்தில் நின்று கேட்டுப் பிடித்தது. கடவுளுக்கு முன்னால் அடியார் எல்லாரும் ஒன்று என்று அதில் வரும். அதைச் சன்னதி வாசலில் நின்று ஒரு தடவை பாட வேண்டும். அதுதான் என் ஆசை. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது.

ஒரு மார்கழியில் பஜனை பாகவதருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் பாட்டை வழியில் கேட்டிருந்தவர், கிணற்று மேட்டுக்கே வந்தார்.

"ஏலே, நாளைக்கு வந்து பாடு. தெருமுனையிலயே நின்னுக்கோ. உள்ள வந்துராத."

"சாமிக்குக் கேக்குமா?"

"குரலு போகும்லே. குரலுக்கு என்ன?"

குரல் போகலாம், கால்தான் ஆகாது. போனேன். நான் முனையில் நின்று பாடுவேன். பஜனைக்காரர்கள் தாளம் தட்டிக்கொண்டே கோயிலைப் பார்த்து நடப்பார்கள். போகப் போகத் தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாகவதர் திரும்பி வந்து கட்டின தொண்டையோடே கத்தினார்.

"ஏன்லே பிந்துத?"

"நான் நிக்கேன் சாமி. நீங்கள்லா நடக்கீய."

மார்கழி முழுக்க அப்படித்தான் ஓடியது. சாமி பொறுத்துக்கொண்டது.

சாம்பிராணி வாசம் வந்தால் எனக்கு ராஜபாளையம் போகிற வழியில் இருந்த தர்கா ஞாபகம் வரும். வியாழக்கிழமை அங்கே போவேன். மகான் அடங்கிய சமாதிக்கு முன்னாலேயே உட்கார்ந்து பாடச் சொல்வார்கள். மெட்டு அதேதான், பேர் மட்டும் வேறு. கால் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு வியாழன். ஓதின தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறேன். முதுகில் யாரோ இடித்தார்கள். பாகவதர். தோளில் காய்ச்சல்காரப் பேரன். நான் விலகி வழிவிட்டேன். ஓதுகிற சாயபு விடவில்லை.

"வந்த முறைதான் அண்ணாச்சி. முன்னால நிக்கவரு மொதல்ல."

என் தலையில் மயிலிறகு பட்டது. அதே இறகு பொறவு அவர் தலையிலும் பட்டது. ஒரே பானைக் கஞ்சியை ரெண்டு பேரும் குடித்தோம். மருந்து என்று சொல்லிக்கொண்டு அவர் இன்னொரு தடவை வாங்கினார்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"சாமி, அடுத்த மார்கழிக்கு வாசல் வரைக்கும் வரட்டுமா?"

"முனையிலதான்லே."

"இங்க முதுகுல பட்டுச்சே?"

"அது இங்க," என்றார். கோபமே இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொன்ன மாதிரி.

அந்தப் பேரன் பிழைத்துவிட்டான். வளர்ந்து இன்றைக்கு அவர்தான் பஜனையைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது சட்டம் வந்து எங்கள் ஆட்களுக்கும் கோயில் திறந்தாகிவிட்டது. "உள்ள வாங்க பெரியவரே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சன்னதி வாசலில் நின்றேன். அது பாட்டுக்குக் கண் கலங்கியது. வயசு.

"ஒரு பாட்டு பாடட்டுமா?" என்றேன்.

"தட்டு ஓடுதுல்ல, செத்த நேரம் பொறுங்க."

தட்டு முடிந்தது. வேறு தட்டு வைத்தார்கள். பாட்டு இப்போதும் முனையிலிருந்துதான் வருகிறது. நான்தான் அங்கே இல்லை.