நிற்காத வண்டி

என் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கிறது. கார் துடைக்கிற துணி. அவிழ்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு சாமான், என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். என் வீட்டுக்காரர் இறந்து முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த பிறகு, அவருடைய உடுப்புகளை ஒதுக்கியபோது கிடைத்தது. ஏதோ சைக்கிள் சாமான் என்று குப்பையில் போடப் போனேன். முடிச்சுப் போட்டிருந்த இறுக்கம்தான் என் கையைத் தடுத்தது. வேண்டாத சாமானை யாரும் அப்படி முடிந்து வைக்க மாட்டார்கள்.

அவர் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டு முதலாளியின் தகப்பனார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில், அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, சீமைக்கு எழுதி, கப்பலில் வரவழைத்த வண்டி அது. முகப்பில் ஒரு வெள்ளித் தகட்டில் கம்பெனியின் பெயர் இங்கிலீசில் இருக்கும். அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் சரியாக வராது. பெரிய வண்டி என்போம். ராஜாக்களும் கவர்னர்களும் அந்தக் கம்பெனி வண்டியில்தான் போவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் வேறு சீமைக்கார்களும் இருந்தன. ஆனால் அவற்றைப் பற்றி யாரும் கதை சொன்னதில்லை. பெரிய வண்டிக்கு மட்டும் கதை இருந்தது. சத்தமே கேட்காதாம், கோழி கூட விலகாமல் நிற்குமாம், வழியில் நின்று போவது என்பதே அந்தக் கம்பெனி வண்டிக்குக் கிடையாதாம். ஒரு தடவை முதலாளியின் பங்காளி ஒருவர் நம்பாமல் பேசியதற்காக, ஒரு செம்பு நிறையப் பாலைப் பின் சீட்டில் வைத்து, காளையார்கோவில் வரைக்கும் என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். சீட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தப் பாலைச் சாமிக்கு அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

காலையில் எழுந்ததும் அந்த வண்டி முகத்தில்தான் விழிப்பார். மஞ்சள் துணியால் அவர் துடைப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் நான். ஆனாலும் ஒருநாள், "அது என்ன இரும்புதானே, ஒருநாள் நிக்கத்தானே செய்யும்" என்று முணுமுணுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இது என்ன ஒங்க மாமன் வீட்டு மாட்டு வண்டியா, நடுரோட்டுல படுத்துக்கிறதுக்கு? பேரைப் போட்டு வித்திருக்கான். அவன் பேருக்காகவாவது ஓடும்" என்றார்.

அந்தப் பேரினால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. முதலாளி வீட்டுப் பங்காளிகளில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது பெரிய வண்டியில்தான். நிற்காத வண்டியில் ஏறிப் போன பெண்ணுக்கு வாழ்க்கையும் நிற்காமல் ஓடும் என்று பேச்சு. இரண்டு தலைமுறைப் பெண்கள் அப்படிப் போனார்கள். எல்லோரையும் அந்த வண்டி நல்ல நேரத்துக்கு இறக்கிவிட்டது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா சாராயத்தில் போனவர். அம்மா பட்ட பாட்டை ஐந்தாவது படிக்கும்போதே பார்த்துவிட்டேன். அதோடு என் படிப்பும் நின்றது. இவர் பெண் பார்க்க வந்த அன்று நான் சொன்னது ஒன்றே ஒன்று, அதையும் அத்தை காதில்தான் சொன்னேன்: குடிக்கிறவர் என்றால் வேண்டாம். அத்தை அதைக் கூடத்தில் போய் உரக்கச் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. வெற்றிலைத் தட்டைத் தொட்டு, "இந்தப் பிள்ளை மேல சத்தியம்" என்றார்.

முதலாளியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காளையார்கோவிலுக்கு அங்குட்டு ஒரு ஊர். பெண்ணும் மாப்பிள்ளையும் பெரிய வண்டியில் முன்னால் போனார்கள். முதலாளியும் மாப்பிள்ளை வீட்டாரும் வீட்டுப் பெரிய ஆச்சிகளும் பின்னால் வேறு கார்களில் போனார்கள். கடைசியாக, சனங்கள் ஏறிய பஸ். நான் கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிறதுக்கு முன்பே பஸ் திரும்பி வந்தது. அதில் போயிருந்த சமையல்கார அக்கா இறங்கியதும் இறங்காததுமாக என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஒம் புருசன் பண்ணுன காரியத்தக் கேட்டியாடி?"

கண்மாய்க் கரையில் பெரிய வண்டி நின்றுகொண்டிருந்ததாம். எஞ்சின் மூடியைத் திறந்துபோட்டு அவர் உள்ளே குனிந்து கிடந்தாராம். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க, ஆச்சிமார்கள் முகம் சுருங்கிப் போனதாம். "நிக்காத வண்டியாச்சே, இவ ஏறவும் நின்னு போச்சே" என்று ஒரு ஆச்சி வாய் விட்டே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டும் கேட்காத மாதிரி நின்றாராம். பெண் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குள்ளேயே இருந்ததாம். அப்போதுதான் இவர் மூடியைச் சாத்திவிட்டு முதலாளி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. நான்தான் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன். கண்ணு மங்குச்சு. பிள்ளைகள வச்சு ஓட்டப் பயந்து நிறுத்திப்புட்டேன்."

முதலாளி ஓங்கி அறைந்தாராம். மாப்பிள்ளையின் தம்பி ஏறிச் சாவியைத் திருப்பியதும் வண்டி பூனை மாதிரி ஓடியதாம். சனங்களுக்கு முகம் தெளிந்து போனதாம். சமையல்கார அக்கா கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போகட்டும் விடு. ஒம் புருசன் குடிச்சிருந்ததும் ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு. இல்லாட்டி அந்தப் பிள்ளையப் போட்டு என்ன பேச்சுப் பேசியிருப்பாளுக." அப்போது அது என்னைக் குத்திக்காட்டச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் அவ்வளவு தூரமும் நடந்தே வந்தார். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. "குடிச்சீகளா?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "ஆமா" என்றார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊரே எதிர்த்து நின்றாலும் நம்பியிருப்பேன். ஆமா என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. பக்கத்து ஊரான புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் சாக்குத் தைக்கப் போனார். அங்கே வருகிற லாரி டிரைவர்கள், "அண்ணே, ஊதிக் காட்டிட்டுத் தைங்கண்ணே. சாக்கு நடுவழியில நின்னுறப் போகுது" என்று கேலி பேசுவார்களாம். அவர் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாராம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்திதான். கேலி பேசவில்லை, அவ்வளவுதான். சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். சாயந்தரம் அவர் கழற்றிப் போடும் சட்டையைத் துவைப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பேன். தவிட்டு வாடைதான் வரும். வெட்கப்பட்டு விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் மறுநாளும் மோந்து பார்ப்பேன். எத்தனையோ வருடம் அப்படி. ஒருநாள் நான் மோந்துகொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார். அப்படியே திரும்பிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

முதலாளி மகளுக்கு வாழ்க்கை சரியாக அமையவில்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் மாப்பிள்ளை மலேசியாவுக்குத் தொழில் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்து போனார். அந்தச் சேதி வந்தபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைச் சோற்றில் வைத்தபடியே அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, "அன்னைக்கி நடந்ததைப் பத்தி அங்க யாரும் ஏதும் பேசுறாகளா?" என்று மட்டும் கேட்டார். "குடிகாரப் பேச்சை எவ ஞாபகம் வச்சிருப்பா" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது என்ன மூச்சு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள், "இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்றார். "என்னத்துக்கு இப்ப அதெல்லாம்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி ஆற்றினேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு நாளில் போய்விட்டார்.

முடிச்சை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் பழைய கார்கள் பார்க்கிற ஒரு பாயிடம் போனேன். வயதானவர், முதலாளி வீட்டு வண்டிக்கும் வேலை செய்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாமானை வெயிலில் திருப்பினார்.

"இது பெரிய வண்டி சாமானாச்சே. ரோட்டார்னு சொல்றது. இதுல மயிரிழை விரிஞ்சாலும் போதும்மா, ஓடிக்கிட்டு இருக்கிற வண்டி செத்த மாதிரி நின்னுரும். எந்தக் கம்பெனியா இருந்தா என்ன."

"நின்னா என்ன செய்யணும் பாய்?"

"வேற ஒண்ணு கையில இருந்தா கழட்டி மாட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். கண்ண மூடித் தெறக்குற வேலை. உங்க வீட்டுக்காரர் எப்பவும் ஒண்ணு கூட வச்சிருப்பாரே. நான்தான் மெட்ராசுல சொல்லி எடுத்துக் குடுத்தேன்." பிறகு அவரே, "நிக்காத வண்டின்னுல பேரு அதுக்கு? எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார்.

கண்மாய்க் கரையில் மூடியைத் திறந்துபோட்டு அவர் குனிந்து கிடந்தது இதை மாற்றத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. சமையல்கார அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டை ஓட்டலாக மாற்றினார்கள். முதலாளியின் மகன் வழிப் பேரன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்து எடுத்து நடத்துகிறான். பெரிய வண்டியைப் புதிது போல ஆக்கி முற்றத்தில் நிறுத்தி, திறப்பு விழா வைத்தான். அந்த வீட்டில் வேலை பார்த்த குடும்பங்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியிருந்தான். நானும் போனேன். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன். சபையில் ஒரு தடவையாவது வாய் திறந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. கம்பெனி தொடங்கிய கதை, ராஜாக்கள் வாங்கிய கதை எல்லாம் அதில் இருந்தன. கம்பெனி கை மாறி இப்போது வேறு யாரிடமோ இருக்கிறதாம். பேர் மட்டும் அதே பேர். கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த வண்டி ஒருமுறையும் வழியில் நின்றதில்லை என்று இருந்தது. அந்தப் பிள்ளை வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே, "ஒரே ஒரு வாட்டி நின்னிருக்கு. அதுவும் வண்டியால இல்ல, டிரைவர் ஃபுல் போதை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த டிரைவருடைய பெண்சாதி எதிரில்தான் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. என் கை இடுப்புக்குப் போனது.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "இங்குட்டு வா." முதலாளி மகள். வெள்ளைச் சேலையில், தாழ்வான ஒரு நாற்காலியில், விழாவுக்குக் குறுக்கே வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புருசன் போன பிறகு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். ஐம்பது வருடமாக எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அவன் சிரிக்கிறான், பாத்தியா" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "அன்னைக்கி நான் பின்னாலதானே இருந்தேன். டிரைவரண்ணன்கிட்ட ஒரு வாடையும் வரல. எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். வண்டிதானே நின்னுச்சு? நெசத்தச் சொல்லு."

என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். முடிச்சு என் இடுப்பில் இருந்தது. எடுத்து அவர் மடியில் வைத்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டுவிட்டாரே தவிர, பதிலுக்குப் பயந்துபோய் இருந்தார். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நின்றது வண்டிதான் என்றால், ஐம்பது வருடத்தையும் அந்தக் கண்மாய்க் கரையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்.

"இல்ல ஆச்சி" என்றேன். "அவுகதான் குடிச்சிருந்தாக. வீட்டுக்கு வந்தப்பக்கூட வாடை அடிச்சுச்சு."

ஆச்சியின் கை தளர்ந்தது. "அப்படியா" என்றார். பிறகு, "பாவம், நீயும் என்ன பாடு பட்டியோ" என்று என் தலையைத் தடவினார்.

ஆச்சி போன மாதம் தவறிவிட்டார். இனி இது யாரையும் சுடாது என்றுதான் எழுதுகிறேன். பலகையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து முடிச்சை எடுத்தேன். ரோட்டாரை வெளியே வைத்துவிட்டு, அந்த மஞ்சள் துணியை முகத்தில் வைத்து, முன்பு அவர் சட்டையை மோந்து பார்ப்பேனே, அது மாதிரி மோந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசாக ஒரு வாடை இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் வாடை. வேறு எதுவும் இல்லை.