பம்ப் திருகாணியில் அரைச் சுற்று

1997 ஜூன் 18 தேதியிட்ட மனு ஒன்றின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுதியது. அவிநாசி சாலையில் அடிக்கடி ஓடும் ஒரு சரக்கு லாரி அளவு மீறிக் கரும்புகை கக்குகிறது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், தயவுசெய்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. லாரியின் எண் இருக்கிறது. என் பெயர் இல்லை. ‘பொதுமக்களில் ஒருவன்’ என்று முடித்திருக்கிறேன்.

மனுவில் பொய் எதுவும் கிடையாது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தியதை நானே பார்த்தேன். ஆனால் பிள்ளைகளுக்காக நான் அதை எழுதவில்லை. என் அண்ணன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நின்றான். அந்த லாரியின் முதலாளியும் அப்படி நிற்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

அந்த லாரியை ஆறு வருடம் ஓட்டியவன் என் அண்ணன். முதலாளி எங்களுக்குப் பங்காளி, பெரியப்பா முறை. நூல் மூட்டையும் துணி பேலும் ஏற்றிக்கொண்டு திம்பம் மலையேறி மைசூர் போய் வருவது வேலை. நான் லாரி ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு நூல் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் யார் தும்மினாலும் என் மேசைக்குக் கேட்கும்.

அந்த வருடங்களில் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை வண்டியை எஃப்.சி. காட்ட வேண்டும். அதாவது, ஓடத் தகுதியானது என்று போக்குவரத்து அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். புகை அளக்கும் கருவி வந்த பிறகு, பிரேக்கையும் விளக்கையும் விடப் புகைதான் எல்லாருக்கும் பயம். அதனால் எஃப்.சி.க்கு முதல் நாள் பம்ப் கடைக்குப் போவார்கள். எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் ஒரு திருகாணி உண்டு. அதை உள்ளே திருகினால் டீசல் குறையும், புகை அடங்கும், வண்டி நோயாளிபோல ஊர்ந்துபோய்ச் சான்று வாங்கிவிடும். மறுநாள் மறுபடியும் பம்ப் கடை. திருகாணி பழைய இடத்துக்கு வரும். அதை யாரும் தொடக்கூடாது என்பதற்காகக் கம்பி கோத்து ஈயத்தில் ஒரு சீல் வைத்திருப்பார்கள். அந்த சீலை வைப்பவரும் அதே பம்ப் கடைக்காரர்தான். ஸ்டாண்டில் இருந்த அத்தனை வண்டியும் இப்படித்தான் போய் வந்தது. இதைத் தப்பு என்று அன்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

1997 தொடக்கத்தில் எங்கள் லாரி எஃப்.சி. முடிந்து வந்ததும் ஆளே மாறிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னான்: “திம்பத்துல மூணாவது கியர்லயே ஏறுதுடா. ஆனா பின்னாடி பாத்தா ரோடே தெரியறதில்ல. அம்புட்டுக் கரி.” முதலாளியிடமும் சொன்னான். “எஞ்சின் செட்டாகுது, நீ ஓட்டு” என்றார் அவர்.

இரண்டு மாதத்தில் மைலேஜ் விழுந்தது. லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்றரையைத் தொடத் திணறியது. போட்ட எஞ்சின் ஆயில் சீக்கிரமே தார்போலக் கறுத்தது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்கள் கரி பிடித்து அடைத்தன.

ஸ்டாண்டுக்குள் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதன் முன்னால் வைத்துத்தான் முதலாளி கேட்டார். நான் குடோன் வாசலில் நின்றிருந்தேன்.

“ஏண்டா, டீசலு எங்கடா போகுது? டேங்க்கு ஓட்டையா, நீ ஓட்டையா?”

“பெரியப்பா, வண்டி கரி கக்குதுங்க. கக்குறது பூராவும் டீசலுங்க. பம்பைப் பிரிச்சுப் பாருங்க.”

“பம்புல சீலு இருக்குது, கண்ணு தெரியுதில்ல? சீலு ஒடையாம பூதமா உள்ள பூந்து திருகிப்போட்டுது?”

கூட்டத்தில் ஒருவர், “பூதம் டீசல் குடிக்காதுங்க, அது குடிக்கறது வேற சரக்குங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

“செரி, நீ டீசலு விக்கலையல்லோ? கற்பூரத்த அடி. பிள்ளையாரு பாத்துக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் திருட்டுப் பழிக்கு அதுதான் தீர்ப்பு. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதன் பிறகு யாரும் பேச மாட்டார்கள். அண்ணன் கையை நீட்டவில்லை.

“என்ற கையச் சுட்டா பம்பு செரியாயிருமுங்களா? மொதல்ல பம்பைப் பிரிங்க. அப்புறம் அடிக்கிறனுங்க, ரெண்டு கையிலயும்.”

பின்பாதி யார் காதிலும் ஏறவில்லை. ‘சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டான்’ என்ற முன்பாதி மத்தியானத்துக்குள் சூலூர் வரை போய்விட்டது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டதில்லை.

டீசல் திருடன் என்று பேர் வாங்கிய டிரைவருக்கு யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் நான் கணக்கெழுதிய அதே குடோனுக்கு மூட்டை இறக்க வந்தான். என் மேசைக்கு முன்னால், முதுகில் நூல் மூட்டையோடு குனிந்து போவான். அண்ணி அந்த வருடம் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு வர மறுத்துவிட்டாள். நான் போனேன். முதலாளி பரிவட்டம் கட்டி முன்வரிசையில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு நூலகத்தில் கையில் கிடைத்ததைப் படிக்கும் பழக்கம் உண்டு. டீசல் எஞ்சின் பற்றி ஒரு பாடப்புத்தகம் கிடைத்தது. உள்ளே வரும் காற்றுக்கு எரிக்க முடிந்த அளவைவிட அதிகமாக டீசல் போனால், மிச்சம் எரியாமல் கரியாக வெளியே வரும். கொஞ்ச தூரம் இழுவை கூடும், பிறகு சூடு ஏறி பிஸ்டனைத் தின்னும். அண்ணன் சொன்னதுதான் அது. புத்தகத்தை மூடிவிட்டு சூலூருக்குச் சாலை பிரியும் சூலூர் பிரிவில் இருந்த பம்ப் கடைக்குப் போனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், கதவை ஒருக்களித்தார்.

“நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. பழைய எடத்தவிட அரைச் சுத்து கூட வெய்யின்னாரு, வெச்சேன். மலையில லோடு கூட ஏத்தோணுமாம். சீலு நம்மளுதுதானுங்களே, புதுசா ஒண்ண அமுக்கிவுட்டேன்.”

“அதை ஸ்டாண்டுல வந்து சொல்லுங்க.”

“அதெப்படிங்க? அந்த ஸ்டாண்டு வண்டியெல்லாம் நம்ம கடைக்கல்லோ வருது.”

அவரையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஆக, முதலாளிக்குத் தெரியும். திருகச் சொன்னவரே அவர். தெரிந்துகொண்டே பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த வாரமே மனுவை எழுதினேன்.

ஜூலை முதல் வாரத்தில் சூலூர் பிரிவு அருகே ஜீப்பை நிறுத்திக்கொண்டு புகை சோதித்தார்கள். லாரி மாட்டியது. தகவல் போய் முதலாளியே அங்கே ஓடினார். வெயிலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் மகன் வயதுள்ள அதிகாரியிடம் “சார், சார்” என்று கெஞ்சினாராம். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்த இரண்டு பேரைத் தனித்தனியே உட்காரவைத்து முழுதாகச் சொல்லவைத்தேன். துண்டு கக்கத்தில் இருந்ததா தோளில் இருந்ததா என்பதில் மட்டும் முதலில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. பிறகு கக்கம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

அந்தத் தூக்கம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. திருகாணியைப் பழைய இடத்துக்கும் கீழே இறக்கி, சீல் வைத்துக் காட்டிய பிறகுதான் வண்டியை விட்டார்கள். அதுவரை நாள்கூலி ஆட்கள் மாறி மாறி ஓட்டிய வண்டிக்கு, அதற்குள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நிரந்தரமாக ஒரு புது டிரைவர் வந்திருந்தான். புகை நின்றது, மைலேஜ் நாலரைக்குத் திரும்பியது. முதலாளி ஸ்டாண்டில் சத்தமாகச் சொன்னார்:

“ஆள மாத்துனேன், மைலேஜு வந்துருச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முதலில் சந்தேகப்பட்டவர்கள்கூட இப்போது தலையாட்டினார்கள். நான் பழிவாங்க எழுதிய மனு, என் அண்ணன் திருடன்தான் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டது. அண்ணனிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, “நல்ல காரியம் பண்ணுன போ” என்று மட்டும் சொன்னான்.

இனி என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வேலையை முதலாளியே செய்து கொடுத்தார். தீபாவளிச் சரக்கு குவிந்தது. இறக்கி வைத்த பம்போடு லாரி திம்பம் வளைவுகளில் முனகியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினார்கள். மறுபடியும் பம்ப் கடை, மறுபடியும் அரைச் சுற்று, மேலே புது ஈயம். நான் வாசலில் நின்று புகையைப் பார்த்தேன். இந்த முறை மனு எழுதவில்லை, காத்திருந்தேன்.

கார்த்திகையில் மைலேஜ் விழுந்தது. அதே பிள்ளையார், அதே கேள்வி. பொள்ளாச்சிக்காரன் என் அண்ணனைப் போலத் தர்க்கம் பேசவில்லை.

“கொண்டாங்க மொதலாளி கற்பூரத்த.”

கொளுத்தினார்கள். “நான் ஒரு சொட்டு டீசலு வித்திருந்தா இந்தக் கையி அழுகிப்போகட்டும்” என்று சொல்லிப் படீரென்று அடித்தான். கற்பூரம் அணைந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தானே இன்னொரு கட்டியை எடுத்து வைத்துக் கொளுத்தினான்.

“இப்ப நீங்க அடிங்க மொதலாளி. பம்பு திருகாணியத் திருகச் சொல்லலைன்னு சொல்லிப்போட்டு அடிங்க.”

“மொதலாளியவே சத்தியம் கேக்கறியாடா?”

“ஏனுங்க, பிள்ளையாருக்கு டிரைவரு வேற, மொதலாளி வேறயா? அணைஞ்சு போறதுக்குள்ள அடிங்க.”

ஸ்டாண்டே கூடி நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணனை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன். முதலாளி கற்பூரத்தைப் பார்த்தார். வலது கை ஒருமுறை இடுப்பு வரை எழுந்தது. பிறகு வேட்டி மடிப்பைச் சரிசெய்வதுபோலக் கீழே போனது. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்து கல்லில் கறுப்பு வட்டம் மட்டும் மிச்சமானது. அவர் நிமிர்ந்தபோது எதிரே என் அண்ணன் இருந்தான், பக்கத்தில் நான். அப்போது நான் சிரித்தேன், அவர் அன்று சிரித்த அதே சத்தத்தில். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

பொள்ளாச்சிக்காரன் அப்போதே சாவியைப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரம் ஸ்டாண்டிலேயே இன்னொருவர் அண்ணனைக் கூப்பிட்டுத் தன் லாரியின் சாவியைக் கொடுத்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்தார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் மன்னிப்பு அப்படித்தான் வரும். அந்தப் பழைய லாரி மார்கழியில் பிஸ்டன் சூட்டில் இறுகிப்போய் மலையடிவாரத்தில் நின்றது. அதற்கு முன்பு ஒரு நாள் சாயங்காலம் அதன் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சு. நம்ம வண்டிக்கே வந்துரு கண்ணு.”

அண்ணன் மரியாதை குறையாமல், “காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க பெரியப்பா” என்றான்.

நான் குறுக்கிட்டேன்: “அதையே பிள்ளையார் கோயில் முன்னால வந்து சொல்லுங்க.”

அவர் எழுந்து போனார். காப்பியைத் தொடவில்லை. அந்த டம்ளரை நான் எடுத்துக் குடித்தேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. அந்த ஜூலையில் மாவட்டம் முழுக்கப் புகைச் சோதனை நடந்ததாகவும், அதே இடத்தில் அன்று வேறு வண்டிகளும் மாட்டியதாகவும் பின்னால் சொன்னார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். பெயரில்லா மனுக்களைக் கட்டி மூலையில் போட்டுவிடுவதுதான் வழக்கம், ஆனால் வண்டி எண் இருந்தால் சில சமயம் பார்ப்பார்கள் என்றார். சூலூர் பிரிவில் ஜீப் நின்றது என் மனுவாலா, தற்செயலா என்பது இன்னும் உறுதியாகவில்லை.