பகல் காட்சிக்குப் பொறுப்பு வேம்பு

பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். பெஞ்சு டிக்கெட் பக்கத்துக்கு மின்விசிறிகள். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. குடித்துவிட்டு வருகிறவன் எந்தப் பெரிய மனிதரின் மச்சானாக இருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பும் உரிமை. கடைசியாக, பகல் காட்சி. கோரிமேட்டு ரோட்டில் இருக்கும் அமுதவல்லி தியேட்டரில் என் தங்கை வேம்பு போராடி வாங்கியவை இவை. தாழ்ப்பாளை மட்டும் பெரிய முதலாளியிடம் கேட்டு, அவர் செத்த பிறகு அவர் மகன் ஆதிமூலத்திடமும் கேட்டாள். எதையும் யாரும் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை.

போன மாதம் அந்தத் தியேட்டருக்கு ஐம்பதாவது ஆண்டு விழா நடத்தினார்கள். வாசலில் பெரிய பேனர். 'நோயாளிகளின் உறவினருக்காகப் பகல் காட்சி கண்ட பெருந்தகை' என்று முதலாளி ஆதிமூலத்தின் படம். பக்கத்தில், தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணியின் படம். இருவருக்கும் பொன்னாடை போட்டார்கள். தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்து, அந்தக் காட்சிக்குத் தொடக்கத்திலிருந்தே சங்கம் முழு ஒத்துழைப்புக் கொடுத்தது என்றார். என் தங்கை அப்போது ரோஸ்மில்க் தட்டை ஏந்திக்கொண்டு முன்வரிசையில் குனிந்து குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். எட்டாவதுதான் படித்தேன். உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் பெட்டியின் மேல் அச்சடிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் விதி. அந்தப் பேனரைப் பார்த்தபோது பெட்டியைப் பிரித்துக் கொட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் அம்மா அமுதவல்லியில் பெருக்கப் போனாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வேம்புவையும் கூடவே அழைத்துப் போனாள். அவள் பள்ளிக்கூடம் போகாதது அதனால்தான். தம்பி நடக்கப் பழகும்போது அவள் துடைப்பம் பிடித்திருந்தாள். அப்புறம் பெண்கள் பக்கத்துக் கதவில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டுகிற போஸ்டரில் இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று ஒட்டுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுத் தன் பெயரை எழுதத் தெரிந்துகொண்டாள். ஆனால் ரேஷன் கடையிலும் வங்கியிலும் அவள் புடவையைப் பார்த்ததுமே மைப்பெட்டியை முன்னால் தள்ளிவிடுவார்கள். கையெழுத்து வருமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளும் சண்டை போடாமல் கட்டைவிரலை வைத்துவிட்டு வருவாள். மற்றவர்களுக்காக என்றால்தான் அவளுக்கு வாய் வரும்.

கொரோனா வந்து தியேட்டரை மூடினார்கள். மூடியதில் எனக்குக் கோபம் இல்லை. உயிர் பெரிது. ஆனால் எங்கள் ஊரில் சாராயக்கடையைத் திறந்தார்கள். துணிக்கடையைத் திறந்தார்கள், கல்யாண மண்டபத்தையும் திறந்தார்கள். தியேட்டர் மட்டும் கடைசி. ஒரு முறை திறந்து மறுபடி மூடி, இரண்டாம் முறை திறந்தபோது ஜனம் வரவில்லை. "படமெல்லாம் போன்லயே வருது, தியேட்டர் காலம் முடிஞ்சிடுச்சி" என்று எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். யாருடைய போனில்? ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அந்தப் போன் யார் கையில் இருக்கும்? அடுப்பங்கரையில் நிற்பவள் கையிலா?

ஆதிமூலத்தின் அப்பா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் அந்தத் தியேட்டரைக் கட்டினார். ஆதிமூலத்தின் மகன் பாரீஸில் இருக்கிறான். அவன் தினமும் போனில் கூப்பிட்டு, கட்டடத்தை டைல்ஸ் கடைக்கு விட்டுவிடச் சொன்னான். பாரீஸில் தியேட்டர்களை இடித்துவிட்டார்களா என்று நான் அவனைக் கேட்க நினைத்தேன்.

ஆதிமூலம் கெட்டவர் இல்லை, பயந்தவர். வேலைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆளு இல்லன்னு ஒரு ஷோ நின்னாகூட டைல்ஸ் காரன் கையில சாவியக் குடுத்துடுவேன். அப்புறம் என்னக் கேக்காதீங்க."

மாலைக் காட்சிக்கு எப்படியோ ஆள் வந்தது. லாஸ்பேட்டை கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் வருவார்கள். பகல் காட்சிதான் கண்டம். முதல் இரண்டு நாள் வேம்பு என்னையும் எங்கள் தெருப் பெண்களையும் இழுத்துப் போய் உட்காரவைத்தாள். எத்தனை நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்?

மூன்றாம் நாள் டீ வாங்கப் போனவள், பெரிய ஆஸ்பத்திரி மதிலோரம் வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள் என்று விதி, அந்த ஒரு ஆளும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் உள்ளே போகலாம். திண்டிவனம், செஞ்சி என்று எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர்கள் மற்ற நேரமெல்லாம் ரோட்டோரம். உட்கார இடமில்லை, ஒதுங்கக் கழிப்பறை இல்லை. அவர்களில் ஆயம்மா என்று ஒரு பெண். புருஷனுக்கு வயிற்றில் கட்டி, வார்டில் சேர்த்திருந்தார்கள்.

"இங்க கெடந்து காயறதுக்கு எங்க தியேட்டர்ல வந்து உக்காருக்கா. ஃபேன் இருக்குது, பாத்ரூம் இருக்குது" என்றிருக்கிறாள் வேம்பு.

"எம் புருஷன் உள்ள சாகக் கெடக்கறாரு, நான் சினிமா பாக்கணுமா? நல்லா இருக்குது நீ சொல்றது."

"யாரு உன்னப் பாக்கச் சொன்னது? தூங்கு. டிக்கெட்டு வாங்கிட்டுத் தூங்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதிப் போடல."

ஆயம்மா சிரித்துவிட்டாள். பிறகு மடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "வார்டுல இருந்து எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாதும்மா. ரத்தம் வேணும்பாங்க, மருந்து வாங்கியாம்பாங்க. அந்தச் சத்தத்துல இது எப்டிக் கேக்கும்?"

மதிலோரம் இருந்த எல்லோருக்கும் இதே பயம்தான். வேம்பு ஒரு வழி செய்தாள். கேன்டீன் கண்ணாடி மேடை சும்மா கிடந்தது. அதில் சாக்பீஸால் வரிசை வரிசையாகக் கட்டம் போட்டாள். தியேட்டருக்குள் இருக்கைகள் எப்படியோ, மேடையில் கட்டங்களும் அப்படியே. உள்ளே கொரோனா விதிப்படி ஒன்று விட்டு ஒன்று கயிறு கட்டி அடைத்திருந்தார்கள் அல்லவா, அந்த இடத்துக் கட்டங்களில் பெருக்கல் குறி போட்டாள். உள்ளே போகிறவர்கள் போனை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். யார் எந்த இருக்கையோ அந்தக் கட்டத்தில் அவர்கள் போன். எந்தப் போன் அடித்தாலும், "தோ, கூப்புடறேன் இருங்க" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு உள்ளே போவாள். இருட்டில் நேராக அந்த இருக்கைக்குப் போய்த் தோளைத் தொடுவாள்.

இரண்டு கதவையும் படம் முழுக்கத் திறந்தே வைத்தாள், திரையில் வெளிச்சம் விழுந்தாலும் பரவாயில்லை என்று. முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கினால் டார்ச்சை முகத்தில் அடிப்பாள். முதல் நாள் ஆயம்மாவோடு சிலர்தான் வந்தார்கள். ஒரு வாரத்தில் பகல் காட்சிக்கு வாசலில் வரிசை நின்றது. பாதிப் பேர் முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஆபரேட்டர் விக்ரம், "வேம்புக்கா, படம் யாருக்கு ஓடுது, உங்க போனுங்களுக்கா?" என்று கிண்டல் செய்வான். "போனுங்கதான்டா ஒழுங்கா மொகத்தக் காட்டிட்டு உக்காந்திருக்குது" என்பாள் அவள்.

இதுதான் தெய்வசிகாமணியின் கண்ணில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தை உள்ளே விட்டுத் தியேட்டர்காரர்கள் கொரோனாவை நகருக்குக் கொண்டுவருகிறார்கள் என்று புகார் எழுதி, சங்கத்து ஆட்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். முழு ஒத்துழைப்பு இதுதான். அதே சங்கத்தார் மாலையில் சாராயக்கடை முன்னால் தோளோடு தோள் இடித்து நின்றதை நான் வேலைவிட்டு வரும் பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்தேன். அங்கே வராத நோய், மூடிய மூக்கோடு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிற ஆயம்மாவிடமிருந்து வந்துவிடுமா?

புகாரை விசாரிக்க எஸ்.ஐ. வந்த அன்று எனக்கு ஷிஃப்ட் இல்லை. வேம்புவுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தேன். அதனால் இனி எழுதுவது என் கண்ணால் பார்த்தது. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ.யோடு எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி போட்ட கான்ஸ்டபிள் ஒருவர். தெய்வசிகாமணி மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"இது தியேட்டரா சார், தர்ம சத்திரமா? கண்ட நோயாளிக் கும்பல் எல்லாம் உள்ள."

"சத்திரத்துல டிக்கெட்டு வாங்குவாங்களா சார்?" என்றாள் வேம்பு. "அவங்க நோயாளி இல்ல. நோயாளியப் பாத்துக்கறவங்க. நாளைக்கு நீங்க படுத்தா உங்க ஊட்டம்மாவும் அங்கதான் நிக்கணும்."

"பாத்தீங்களா சார் வாய? மொதலாளி, உங்க வேலக்காரி பேசறதக் கேட்டுட்டு இருக்கீங்களா?"

ஆதிமூலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வேம்பு, உடும்மா. வேணாம்னா நிறுத்திடலாம். எனக்கு எதுக்கு வம்பு."

நிறுத்தினால் சாவி டைல்ஸ் கடைக்குப் போகும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வேம்பு முதலாளியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவள் வாயைத் திறக்கும்போது மேடையில் ஒரு போன் அடித்தது. மூன்றாம் வரிசை, ஓரத்துக் கட்டம்.

வேம்பு போனை எடுத்தாள். எதிர்முனையில் நர்ஸ் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பேஷன்ட்ட தியேட்டருக்கு எடுத்துட்டுப் போறோம், கையெழுத்துப் போட ஆளு எங்க? ஒடனே வரச் சொல்லுங்க!" ஆபரேஷன் தியேட்டரைச் சொல்கிறாள்.

"தோ, அனுப்பறேன் இருங்க" என்று வேம்பு எஸ்.ஐ.யை அப்படியே விட்டுவிட்டு டார்ச்சோடு உள்ளே போனாள். நாங்கள் மூச்சு விடுவதற்குள் ஆயம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ஆயம்மா போனை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினாள். வேம்பு அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், சத்தம் கேட்டு மேலிருந்து இறங்கி வந்திருந்த விக்ரமிடம் கொடுத்து வண்டியில் அவளை ஏற்றிப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"இப்ப சொல்லுங்க சார். நிறுத்தணுமா?"

எஸ்.ஐ. மேடைக்குப் போய்க் கட்டங்களைப் பார்த்தார். பெருக்கல் குறிகளைப் பார்த்தார். கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். மேடையில் போன் இருந்த இடத்தில் உள்ளே ஆள், குறி இருந்த இடத்தில் உள்ளே கயிறு.

"விதிப்படிதான் இருக்குது" என்றார். "ஆனா புகார் வந்திருக்குது. இந்தக் காட்சிக்கு இன்னார் பொறுப்புன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். நாளைக்கு எதனா தப்பு நடந்தா அவங்க மேலதான் கேஸு. யாரு போடறீங்க?"

ஆதிமூலம் போனை எடுத்தார். "பையங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு" என்றார். பாரீஸில் அப்போது காலை நேரம். போன் அடித்து அடித்து நின்றது. மேனேஜர் பிரேம்குமார் டிக்கெட் கவுண்டருக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் நுழைந்துகொண்டார். தெய்வசிகாமணி சிரித்தார். "பாத்தீங்களா சார்? யாருக்கும் தைரியம் இல்ல."

"நான் போடறேன்" என்றாள் வேம்பு.

"நீயா? வேம்பு, கேஸுன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றார் ஆதிமூலம்.

"தெரியும் மொதலாளி. டைல்ஸுன்னா இன்னான்னும் தெரியும்."

பேனரில் முகம் போட்டுக்கொண்ட இருவரும் அப்போது நின்ற இடத்தை எழுதிவைக்கிறேன். ஆதிமூலம் தூணுக்குப் பின்னால். தெய்வசிகாமணி வாசல் நிழலில், கைகட்டி. பகல் காட்சி அதன் பிறகு ஒரு நாளும் ஆளில்லாமல் நிற்கவில்லை. டைல்ஸ் கடைக்காரர் தீபாவளிக்கு முன்பே வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஆயம்மாவின் புருஷன் பிழைத்து, மறுபரிசோதனைக்கு வரும்போது பெண்சாதியோடு அதே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தார். இதில் எதற்கும் பொன்னாடை வேண்டாம். ரோஸ்மில்க் தட்டை அவள் கையில் கொடுக்காமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அன்று கான்ஸ்டபிள் காகிதத்தில் எழுதி, படித்துக் காட்டினார். பிறகு வழக்கம்போல அவள் புடவையைப் பார்த்தார், பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து அவள் முன்னால் தள்ளினார்.

வேம்பு அதை மூடி அவர் பக்கமே தள்ளினாள். "பேனா குடுங்க சார்."

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். வேம்பு போன்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, மேடையில் காகிதத்தை வைத்து, அவசரப்படாமல் எழுதினாள். எழுதி முடித்து, "தேதி போடணும் இல்ல?" என்று என்னைக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அதையும் அவளே எழுதினாள்.

21 அக்டோபர் 2021.