சாமியைப் பாராத சிங்கங்கள்

'கோச்சி' என்று நாங்கள் சொல்லும் ரயிலின் கரிப்புகையும் முந்தானையில் முடிந்த சூடமும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். ஹட்டனில் ரயிலேறியதிலிருந்து கொழும்பு வரைக்கும் அம்மாவின் மடியில் முகம் புதைத்து அந்த வாடையைத்தான் குடித்துக்கொண்டு போனேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது, எனக்கு ஒன்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தை விட்டு நாங்கள் அவ்வளவு தூரம் கிளம்பியது வேடிக்கை பார்க்க அல்ல, அப்பாவுக்குப் பிரஜாவுரிமை விசாரணை. இந்த நாட்டு ஆள்தான் என்று ஒப்புக்கொண்டால் தோட்டத்து 'லயத்து' வரிசை வீட்டிலேயே காலத்தை ஓட்டலாம், இல்லையென்றால் என்றைக்கு வேண்டுமானாலும் எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடலாம். இதை யாரும் என்னை உட்காரவைத்து விளக்கவில்லை. ஆனால் வழி நெடுக அப்பா வெற்றிலையைத் தொடவில்லை, எனக்கு அது போதாதா?

அம்மாவின் அண்ணன் கொழும்பில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். விசாரணை மத்தியானம்தான் என்பதால், அந்த மாமா காலையில் எங்களைக் கறுவாத்தோட்டத்துப் பக்கம், சுதந்திர நினைவு மண்டபத்துக்கு அழைத்துப்போனார். "சொதந்திரம் கெடச்சதுக்குக் கட்டியிருக்காங்க தங்கச்சி, நாட்டுக்கே கோயிலு மாதிரி. ஒரு கும்புடு போட்டுட்டுப் போனா நல்லது" என்று அவர் அளந்துவிட்டதில் அம்மா வழியிலேயே ஒரு தேங்காய் வாங்கிவிட்டாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் கோர்ட்டுக்குப் போவதானாலும், போகிற வழியில் கண்ணில் படுகிற சாமிக்கெல்லாம் சூடம் கொளுத்தாமல் நகர மாட்டோம்.

வானம் கறுத்துக் கிடந்தது. பெரிய புல்வெளியில் ஆளரவமே இல்லை. நடுவில் சுவரில்லாமல் தூண்களாகவே நின்ற மண்டபம், அதைச் சுற்றிலும் கல் சிங்கங்கள். சிங்கத்தைக் கண்டதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிங்கம் என்றால் அம்மன் வாகனம், ஆகவே உள்ளே இருப்பவள் எங்கள் தோட்டத்து மாரியாத்தாளுக்கு அக்காளோ தங்கச்சியோ என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பயபக்தியோடு மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, வாகனம்னா சாமியத்தான பாத்துக்கிட்டு இருக்கும்? இதுங்க பூராவும் நம்மளப் பாக்குதுங்களே!"

உண்மைதான், அத்தனை சிங்கங்களும் மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களையே முறைத்துக்கொண்டிருந்தன. அம்மா தூண்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். சாமி இல்லை, விளக்கு இல்லை, காய்ந்த பூ ஒன்றுகூட இல்லை, வெறுந்தரை. அப்படியும் மனசு கேட்காமல் படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"மேக கோவிலக் நெவெய்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த காவல்காரர் அதைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், எங்கள் கோலத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசினார். சிங்களம் தெரிந்த அப்பா, "இது கோயில் இல்லையாம். இங்க சாமியே கெடையாதாம்" என்றார்.

"அப்ப நாம யாருகிட்டதாங்க கேக்குறது?" என்றாள் அம்மா.

உடைக்காத தேங்காயோடு அவள் நடந்த நடையைப் பார்த்தபோதே, மத்தியானம் நல்லது எதுவும் நடக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

விசாரணையில் அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. இந்தியாவுக்குப் போனாயா என்று கேட்டார். மகளுக்கு மொட்டை போடப் போனேன் என்று அப்பா ஒளிக்காமல் சொன்னார். அந்த மகள் நான்தான். முதல் முடியைக் குலசாமிக்குக் கொடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று எங்களவர்களுக்கு ஒரு பயம். குலசாமியோ கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிச் சீமையில் அல்லவா உட்கார்ந்திருந்தது! போன இடத்தில் அம்மா படுத்த படுக்கையாகிவிட, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. "நேத்திக்கடனுங்க, செய்யாம இருக்க முடியுங்களா?" என்று அப்பா கெஞ்சினார். மொழிபெயர்ப்பவர் அதை எப்படிச் சொன்னாரோ, அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு காலம் நாட்டில் இல்லாதவருக்கு உரிமை கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். பிள்ளை தங்க வேண்டுமென்று சாமியைத் தேடிப் போனது ஒரு குற்றமா? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பத்துப் பதினைந்து வருஷம் பயந்து பயந்து இருந்தோம். கடைசியில் பெட்டி படுக்கையோடு எங்களைத் தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள்.

அப்பாவும் அம்மாவும் பிழைக்கப் போன கோத்தகிரி மண்ணோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருஷம் நான் விசா வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். மாமா வேலை பார்த்த அரிசிக் கடை இல்லை, விசாரணை நடந்த கட்டிடத்தைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மண்டபம் மட்டும் அப்படியே இருந்தது, சுற்றிலும் ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நடை போனார்கள். என்னை ஆட்டோவில் கூட்டிவந்த தம்பி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாம். என் பேச்சைக் கேட்டு இந்தியாக்காரி என்று கண்டுகொண்டவன், கூடவே இறங்கி ஒவ்வொன்றாகப் பெருமையோடு காட்டினான்.

"எங்க நாட்டுக்கு இதுதான் மொத தடவையாம்மா?"

எங்கள் மலைப் பிள்ளை வாயால் 'எங்க நாடு' என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது, பொய் சொல்வானேன். நானும் ஹட்டன்தான்டா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்பானே.

"ஆமாப்பா, மொத தடவை" என்றேன்.