சம்பளத்தோடு மூன்று மாசம்

யுத்தம் முடிந்த மறு வருஷம். அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அதுவரை பிரசவத்துக்குப் போகிறவள் சம்பளமில்லாமல் போய், உடம்பு தேறியதும் திரும்பி வருவாள். யார் முழுகாமல் இருக்கிறாள் என்று மானேஜர் கவலைப்பட்டதே இல்லை. அவருக்கு அதில் நஷ்டமில்லையே.

பிறகு புது விதி வந்தது. வேலை நிரந்தரமான டீச்சருக்குப் பிரசவத்துக்கு மூன்று மாசம் சம்பளத்தோடு லீவு. முதலில் அதை வாங்கப் போகிறவள் நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி, குரும்பலூர்ப் பெண், என்னை அக்கா என்பாள். புருஷன் காலொடிந்து படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். அடுத்த மாசம் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். நாலு மாசமாக முழுகாமல் இருப்பதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தேன்.

என் வளைகாப்புக்கு மானேஜர் வீட்டம்மாவை அழைத்தேன். லீவு தடங்கலில்லாமல் கிடைக்கட்டும் என்று காக்காய் பிடிக்கிற புத்தி, வேறென்ன. வராவிட்டால் சந்தேகம் வரும் என்று குரும்பலூர்க்காரியும் வந்தாள்.

செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த என் அம்மா எனக்கு வளையல் அடுக்கி முடித்தாள். மிச்ச வளையலை வந்திருக்கும் பெண்களுக்குப் போடுவது வழக்கம். இவள் கையைப் பிடித்தவள் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். ஆறு பெற்றவள் கண்ணுக்குத் தப்புமா? "முழுவாமத்தான இருக்க? எங்கிட்டயே மறைக்கிறியா" என்று சிரித்தபடி கன்னத்தில் சந்தனம் தடவி, இரண்டு கை நிறைய வளையல் போட்டாள். "அடுத்த வளகாப்பு இவளுக்குத்தான்" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். மானேஜர் வீட்டம்மா புளிச்சோறு சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மானேஜர் இவளைக் கூப்பிட்டார். "நிரந்தரமாக்கினா உடனே லீவு கேப்ப. வூட்ல உக்காந்திருக்கறவளுக்கும் சம்பளம் குடுத்து, வகுப்பு எடுக்கறவருக்கும் குடுக்க நம்மால ஆவாதும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். அவள் இடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தார்.

நான் போய்ப் பேசியிருக்கலாம். பேசினால் என் லீவு போய்விடுமோ என்று பயந்தேன். வெட்கக்கேடுதான். செட்டிகுளத்தில் பத்தியச்சோறு தின்றுகொண்டு மாசாமாசம் சம்பளம் வாங்கினேன். அதற்குப் பிறகு, நான் இருந்தவரைக்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில் கல்யாணமான பெண் ஒருத்தியையும் வேலைக்கு எடுக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துக் குரும்பலூருக்கு அவளைத் தேடிப் போனேன். யாரோ ஒருவருடைய கொல்லையில் கூலிக்குக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பெண் குழந்தை பக்கத்தில் மண்ணை அளைந்துகொண்டிருந்தது. அம்மா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நான் செய்ததற்குக் கேட்க வாய் வரவில்லை.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா" என்றாள். "இவ வயித்துல இருக்கான்னு தெரிஞ்சப்ப எங்க வூட்ல எல்லாரும் அழுதாங்க. சந்தோஷப்பட்டது அவங்க ஒருத்தங்கதான்."