சகாயமேரி டீச்சரின் முழுநாள் வகுப்பு

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இம்மானுவேல் சார் என்னிடம் வந்தார். அம்மா வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியர் அவர். ஆண்டு மலருக்கு அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்.

"நீ எழுதுனாத்தான் சரியா இருக்கும் ஷெரின். முழுநாள் வகுப்புக்கு டைம்டேபிள் போட்டதே அவங்கதான். அத மறக்காமச் சொல்லிரு."

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்காதது இது.

அந்த வகுப்புக்கு முதல் டைம்டேபிள் போட்டது நான். அது முதல் நாளே ஒரு குழந்தையைத் தொலைத்தது. பழியை அம்மா ஏற்றுக்கொண்டார். கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் தகவல்கள். பெயர் சகாயமேரி. பிறந்தது சமயநல்லூர். வீடு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப் போர்ஷன். வேலை கே.கே. நகரில், இருபத்தெட்டு ஆண்டுகள், ஒரே பள்ளி, ஒரே எல்.கே.ஜி. வகுப்பு. சென்ற செப்டம்பரில் மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

வகுப்பில் சத்தம் கூடினால் அம்மா தன் குரலைக் குறைப்பார். இன்னும் கூடினால் இன்னும் குறைப்பார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே பிள்ளைகள் அடங்கிவிடும். மூட்டுவலி வரும்வரை தரையில்தான் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு முக்காலி.

ஜூன் மாதம் முழுக்க அவர் எழுத்து எதுவும் சொல்லித்தர மாட்டார். ஒரே ஒரு விஷயம்தான். பன்னிரண்டேகாலுக்கு நீள மணி அடிக்கும். அடித்தால் வீட்டுக்குப் போகலாம். பெரிய வகுப்புகளுக்கு அது சாப்பாட்டு மணி, எல்.கே.ஜி.க்கு வீட்டு மணி. அழுகிற பிள்ளையிடம், "நீள மணி அடிக்கட்டும், வந்துருவாக" என்பார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருக்கும். மணி அடிக்கும். வாசலில் ஆள் வந்து நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் அழுகை நின்றுவிடும். இப்படி இருபத்தெட்டு ஜூன்.

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, எல்.கே.ஜி.யை மூன்றரை மணி வரை நீட்டப் பள்ளி முடிவு செய்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜூனில் ஆரம்பிக்கலாமே என்றார் அம்மா. பிப்ரவரியில் அட்மிஷன், அதற்குள் நடத்திக் காட்ட வேண்டும் என்றார் சார்.

நான் கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். எந்த மெஷினில் எத்தனை மணிக்கு எந்த வேலை என்று அட்டவணை போடுவது என் தொழில். அம்மா கேட்கவில்லை, நானாகவே போட்டேன். கால் மணி நேரக் கட்டங்கள், ஏழு நிறங்கள். பிரார்த்தனை, கதை, பாட்டு, களிமண், கை கழுவல், சாப்பாடு, தூக்கம், பால், மணல் விளையாட்டு, வீடு.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு பாப்பா. ஒண்ணுக்குப் போக அஞ்சு நிமிஷமா?"

"ஏன், பத்தாதா?"

"இருபத்திரெண்டு புள்ளைக. ரெண்டு கக்கூஸ். பாதிப் பேருக்கு பட்டன் கழட்டத் தெரியாது."

அதைத் திருத்தினேன். மறுநாள் வகுப்பு ஆயா ராமக்காளும் பார்த்திருக்கிறார். "ஒண்ணேகாலுக்கு எல்லாப் புள்ளையும் தூங்குமாக்கும்? எங்க வீட்ல இருக்கது நாலு பேரு. ஒரு நாளாவது ஒண்ணாத் தூங்கிருக்கமா?" அதற்கும் அரை மணி கூடுதலாக விட்டேன்.

மணியை மூன்று பேருமே யோசிக்கவில்லை. எனக்கு அது தெரியாது. அவர்களுக்கு அது காதில் விழுவதே நின்று போயிருந்தது.

ஜனவரியின் கடைசித் திங்கட்கிழமை, பன்னிரண்டேகால். என் அட்டவணைப்படி கை கழுவும் நேரம். நீள மணி அடித்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து பையை மாட்டி, செருப்பைப் போட்டு, கதவருகே வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லாமலே, அவ்வளவு ஒழுங்காக. இன்னும் வீட்டுக்கு நேரமாகவில்லை என்று அம்மா சொன்னதும் முதலில் ஒரு குழந்தை அழுதது. பிறகு எல்லாம்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுவருபவர்களுக்காக அந்த நேரம் கேட் திறந்திருக்கும். அழுகையை அடக்கி எண்ணிப் பார்த்தபோது இருபத்தோரு பேர். இந்துப்ரியாவைக் காணோம். மூன்றரை வயது.

பதினைந்து நிமிடம் தேடினார்கள். கழிப்பறை, மணல்தொட்டி, தண்ணீர்த் தொட்டி. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் மாறும்.

ஆட்டோக்காரர் சிவனாண்டிதான் கேட்டில் வந்து நின்றார். அவர் ஆட்டோவில்தான் அவள் வழக்கமாக வீட்டுக்குப் போவாள். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்.

"டீச்சர், திரும்பி வந்து பாத்தா பாப்பா எப்பவும் உக்கார்ற எடத்துல பையை மடியில வச்சு உக்காந்துருக்கு. 'வண்டிய எடுக்க இம்புட்டு நேரமா'ன்னு என்னைய வையுது."

அம்மா சிரித்தாராம். பிறகு வகுப்புக்குள் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாராம். ராமக்காள்தான் எனக்குச் சொன்னார்.

மறுநாள் ஒன்பது பெற்றோர் மதியமே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள். இம்மானுவேல் சார் அம்மாவை அழைத்தார். "அடுத்த திங்கள் வரைக்கும் பாப்போம் டீச்சர். அன்னிக்கு மூணரை மணி வரைக்கும் அழுகை இல்லாம ஓடணும். இல்லேன்னா பழையபடி மதியத்தோட அனுப்பிருவோம்."

அப்படி அனுப்பினால் யாருக்கு இழப்பு என்பது அம்மாவுக்குத் தெரியும். இந்துப்ரியாவின் தாய் ஸ்ரீலட்சுமி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். சேர்ந்து நான்கு மாதம். கணவருக்கு சூரத்தில் வேலை. மதியத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மா மகளோடு பெங்களூர் போய்விட்டார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. பிள்ளை அழும்போது தமிழ் மறந்துவிடும். இத்தனை வருடத்தில் அம்மா அந்த மொழியில் பசி, தண்ணீர், தூக்கம், வருவார்கள் என்ற நான்கு சொற்களைப் பழகி வைத்திருந்தார்.

"நான் வேலைய விட்டுர்றேன் டீச்சர்" என்றார் ஸ்ரீலட்சுமி. "அன்னிக்கு வண்டி கெளம்பியிருந்தா? வேற யாரு வண்டிலயாவது ஏறியிருந்தா?"

"திங்கக்கெழம வரைக்கும் பொறுங்கம்மா. அதுவரைக்கும் கேட்டுல நானே நிக்கிறேன்."

நான் சாரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மா விடவில்லை.

"புள்ள காணாமப் போனா டீச்சரக் கேப்பாக. டீச்சரு மகளையா கேப்பாக? சும்மா இரு."

அந்த வாரம் மிச்ச நாளெல்லாம் விடுப்பு எடுத்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு நிமிடம் குறித்தேன். பிரச்சினை மணி என்பது தெளிவு. மணியை நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். அறுநூறு பிள்ளைகளுக்கான மணி, முடியாது என்றார் சார். அப்படியானால் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு மாற்றலாம், மணி அடிக்கும்போது வாயில் சோறு இருக்கும், எழ மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை அதையும் செய்து பார்த்தோம். மணி அடித்தது. எழுந்தார்கள். தயிர்ச்சோற்றுக் கையோடு பையை மாட்டினார்கள். சோறு, பை, செருப்பு எல்லாம் ஒன்றாகிவிட்டது.

வியாழக்கிழமை மாலை ஆரப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அம்மா. திடீரென்று பேசினார்.

"நீ மணிய நிறுத்தப் பாக்குற. அதான் தப்பு."

"பின்ன?"

"மணி அடிச்சா வீட்டுக்குன்னு சொன்னது யாரு? நானு. ஜூன்லருந்து சொல்லிருக்கேன். அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் அதுக அழுகைய நிறுத்துச்சு. இப்ப இல்லன்னு சொன்னா, நாளைக்கு நான் ஆனாவ ஆனான்னு சொன்னாக்கூட நம்புமா?"

"அதுக்கு என்ன செய்ய முடியும்மா?"

"கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"எங்க?"

"வீட்டுக்கு."

வெள்ளிக்கிழமை அதை நேரில் பார்த்தேன். நீள மணி அடித்தது. அம்மா தானே முதலில் எழுந்து தன் கைப்பையை மாட்டினார். செருப்பைப் போட்டார். "வாங்க, போவோம்." ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பிள்ளைகள் முன் கேட் வழியாக வெளியே வந்தார்கள். மதிலை ஒட்டி நடந்தார்கள். சிவனாண்டி தன் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்று, "ஸ்கூலு விட்ருச்சா? பாத்துப் போங்க" என்றார். பக்கவாட்டுக் கேட்டில் நுழைந்து, வகுப்பின் பின்கதவுக்கு வந்தார்கள். அங்கே ராமக்காள் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்க வாங்க. இப்பத்தான் வாரீகளா? செருப்ப வெளிய போடு. கைகாலக் கழுவு. யூனிபார்மக் கழட்டிட்டுத்தான் சோறு. எங்க, எவன் சட்டையில இம்புட்டுக் களிமண்ணு?"

மதுரையில் எந்த வீட்டிலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே வரவேற்பு. பையில் ஒரு வீட்டு உடுப்பு வைத்து அனுப்பும்படியும், திங்கள் வரை மதியத்தில் கூட்டிப்போக வர வேண்டாம் என்றும் அம்மா முந்தின இரவே எல்லாருக்கும் போன் செய்திருந்தார். பிள்ளைகள் பூப்போட்ட கவுனும் சாயம்போன டிரவுசருமாகப் பாயில் உட்கார்ந்தார்கள். அறை அதேதான். கரும்பலகை மேல் மட்டும் ஒரு பழைய சேலை.

இந்துப்ரியா சுற்றிப் பார்த்தாள். "இது கிளாஸ்தான டீச்சர்?"

"ஆமா. மத்தியானத்துக்கு மேல வீடு."

"யாரு வீடு?"

"ராமக்கா வீடு."

ராமக்காள் சாம்பார் வாளியோடு திரும்பினார். "அப்ப எம் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க டீச்சரம்மா. சார் கையெழுத்துப் போடுவாரா?"

அன்று இரண்டு பேர் அழுதார்கள். இருபத்திரண்டில் இரண்டு. எனக்கு அது போதும். அம்மாவுக்குப் போதவில்லை. தூங்கி எழும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, அம்மா எப்போது வருவாள் என்பது. வீட்டு மணி கழிந்துவிட்டது. இனி எதைக் காட்டிச் சொல்வது? மூன்றரை என்றால் மூன்று வயதுக்கு விளங்காது.

ஆகவே ஒரு வரிசை சொன்னார். "பால் குடிப்போம். மணல்ல வெளாடுவோம். கால் கழுவுவோம். கால் கழுவி முடிச்சதும் வந்துருவாக." சனிக்கிழமை வகுப்பிலும் அதையே சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் விரல் மடக்கித் திருப்பிச் சொல்லும் வரை விடவில்லை.

திங்கட்கிழமையும் விடுப்பு போட்டுப் போயிருந்தேன். சார் வரிசையின் பின்னால் மதிலோரம் நடந்து வந்தார். ஸ்ரீலட்சுமி அன்று விடுப்பு எடுத்திருந்தார். எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் மறைந்து நின்று பார்த்தார். இந்துப்ரியா முன்னால் போகும் பையனின் சட்டையைப் பிடித்தபடி, தலை நிமிராமல் நடந்து உள்ளே போனாள். ஒன்றரைக்கு ஸ்ரீலட்சுமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, முக்காலியை விட்டு நீட்டிய காலோடு அம்மா தரையில் உட்கார்ந்திருக்க, அம்மாவின் முழங்கால் பக்கத்தில் இந்துப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் லேபுக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

அம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "போயிட்டு வாங்க. மூணரைக்கு வந்துரணும். கால் கழுவுனா நீங்க வருவீகன்னு சொல்லிருக்கேன்."

எழுந்தார்கள். பிள்ளைகள் பால் குடித்தார்கள். மணலில் விளையாடினார்கள். மூன்று இருபத்தைந்துக்குக் குழாயடியில் கால் கழுவல் ஆரம்பித்தது. சார் கைகட்டித் தூணோரம் நின்றார். கழுவிய பிள்ளை ஒவ்வொன்றாக ஆளோடு போனது. மூன்றரைக்கு இந்துப்ரியா மட்டும் மிச்சம். ஸ்ரீலட்சுமி வரவில்லை.

அம்மா கேட்டைப் பார்த்தார். பிறகு மூட்டுவலியோடு ஈரத் தரையில் மண்டியிட்டு, அவள் வலது பாதத்தைக் கையில் எடுத்தார். விரல் விரலாகக் கழுவினார். பிறகு இடது பாதம்.

"டீச்சர், கழுவியாச்சு."

"எங்க? இங்க மண்ணு இருக்கு பாரு."

மண் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுபடியும் வலது கால். குதிகால், கணுக்கால், சுண்டுவிரல் இடுக்கு. ஏதோ முணுமுணுத்தபடி, அவசரமே இல்லாமல். குழந்தைக்குக் கூச்சம் தாங்கவில்லை, அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று முப்பத்திரண்டு. மறுபடியும் இடது கால். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று முப்பத்து நான்குக்கு ஸ்ரீலட்சுமி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கேட்டில் நின்றார். மூச்சு வாங்கியது.

அம்மா குழாயை மூடினார். தன் சேலை முந்தானையால் இரண்டு பாதங்களையும் துடைத்தார்.

"இப்பத்தான் கழுவி முடிச்சோம்" என்றார்.